பல பெயர்களுக்கு ஒரே அஞ்சல் சர்வர்: முத்திரையைச் சரிபார்க்கும் முறை

கிராம அபிவிருத்தி என்பது சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் ஆகியவற்றோடு முடிந்துவிடுவதன்று. ஓர் அலுவலகக் கடிதம் உரிய காலத்தில், உரியவர் கையில், ஓரெழுத்தும் மாறாமல் போய்ச் சேருவதும் அபிவிருத்தியின் ஓர் அங்கமேயாகும். கடிதம் தவறினால் மானியம் தவறும்; கடிதம் பிறர் கைக்குப் போனால் பணமும் பிறர் கைக்குப் போகும்.

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள தாமல், தன் பெரிய ஏரியினால் பெயர் பெற்ற ஊர். அங்கு அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்குகளை எழுதிவரும் ஓர் அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, எங்கள் மின்னஞ்சலைத் திறக்கப் போனால், ‘இந்தச் சர்வரின் சான்றிதழ் பெயர் பொருந்தவில்லை’ என்று எச்சரிக்கை வருகிறது. ‘பரவாயில்லை, தொடர்க’ என்று அழுத்தினால் கடிதம் வந்துவிடுகிறது. கடிதந்தான் வருகிறதே, பிறகு என்ன குறை?”

கேள்வி எளியது, விடை அத்தனை எளியதன்று. அன்று கூட்டத்தில் சுருக்கமாகச் சொன்னதை, மற்ற ஊராட்சிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பயன்படுமென்று கருதி இங்கே விரிவாக எழுதுகிறேன். கணிப்பொறி வல்லுநர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமிராது. வல்லுநரிடம் வேலையை ஒப்படைத்து, அவர் செய்ததைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பில் உள்ள தலைவர்களையும் செயலாளர்களையும் கருதியே இது எழுதப்படுகிறது.

நம்பிக்கையின் மேல் எழுந்த ஏற்பாடு

மின்னஞ்சலைச் சர்வருக்குச் சர்வர் அனுப்பும் முறையை வகுத்த எஸ்.எம்.டி.பி. என்னும் விதித் தொகுப்பு, 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜான் பாஸ்டல் என்னும் அறிஞரால் வெளியிடப்பட்டது. அஞ்சற்பெட்டியைத் தொலைவிலிருந்து திறந்து படிக்க உதவும் ஐமாப் முறையை மார்க் கிரிஸ்பின் 1986இல் உருவாக்கினார். அக்காலத்தில் இவற்றைக் கையாண்டவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் நம்பியவர்களாதலால், கடவுச்சொல்லும் கடிதமும் உறையிடாத அஞ்சலட்டையைப் போலத் திறந்தபடியே கம்பியில் சென்றன.

நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்டது. மறு ஆண்டு, 1996 ஜூலை 4ஆம் நாள், சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ‘ஹாட்மெயில்’ சேவையைத் தொடங்கினர். தனி மென்பொருள் எதுவும் வேண்டாமல், பிரௌசரின் வழியாகவே கடிதம் படிக்கும் இம்முறைக்கு ‘வெப்மெயில்’ என்று பெயர். இன்று நமது ஒன்றியங்களிலும் சங்கங்களிலும் பெரும்பாலோர் கடிதம் படிப்பது இவ்வழியேதான்.

மின்னஞ்சல் பெருகியபோது ஒட்டுக்கேட்போரும் பெருகினர். ஆகவே கம்பியில் செல்லும் செய்தியைக் குறியாக்கம் செய்து, அதாவது உரியவர் தவிரப் பிறர் படிக்க இயலாதபடி உருமாற்றி, அனுப்பும் முறை எழுந்தது. நெட்ஸ்கேப் நிறுவனம் தொடங்கிய எஸ்.எஸ்.எல். என்னும் முறையின் வாரிசாக, 1999இல் டி.எல்.எஸ். என்னும் பொது முறை வெளியாயிற்று. அதன் 1.2ஆம் பதிப்பு 2008இலும், 1.3ஆம் பதிப்பு 2018இலும் வந்தன. பழைய 1.0, 1.1 பதிப்புகள் பாதுகாப்பற்றவை என 2021 மார்ச்சில் முறைப்படி விலக்கப்பட்டன.

கடிதம் செல்லும் மூன்று கட்டங்கள்

வெப்மெயில் மூலம் ஒரு கடிதம் அனுப்பினால் அது மூன்று கட்டங்களாகப் பயணம் செய்கிறது. இவற்றைப் பிரித்தறியாமையே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

முதற்கட்டம், நமது பிரௌசரிலிருந்து வெப்மெயில் நிலையம் வரையில். முகவரிக் கட்டத்தில் தோன்றும் பூட்டுச் சின்னம் இந்தக் கட்டத்திற்கு மட்டுமே உரியது.

இரண்டாங்கட்டம், வெப்மெயில் நிலையத்திலிருந்து அஞ்சல் சர்வர் வரையில். ‘ரவுண்ட்கியூப்’ போன்ற வெப்மெயில் மென்பொருளில் கடிதங்கள் சேமித்து வைக்கப்படுவதில்லை. அது நமது பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, நமக்குப் பதிலாக அஞ்சல் சர்வரிடம் போய்க் கதவைத் தட்டுகிறது. கடிதத்தை வாங்கி வந்து நமக்குக் காட்டுகிறது. இந்தக் கட்டம் நம் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. இங்கே பாதுகாப்பு இல்லாவிடினும் நமது திரையில் பூட்டுச் சின்னம் ஒளிவீசிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாங்கட்டம், நமது அஞ்சல் சர்வரிலிருந்து பெறுபவரின் அஞ்சல் சர்வர் வரையில். இது பெரும்பாலும் சர்வர் நிர்வாகிகளின் பொறுப்பு.

இக்கட்டுரை முக்கியமாக இரண்டாங்கட்டத்தைப் பற்றியது. கடவுச்சொல் அப்படியே முழுமையாகக் கடந்து செல்லும் கட்டம் அது. யாரும் பார்க்காத கட்டமும் அதுவே.

இருவகை வாயில்கள்

சர்வரில் ஒவ்வொரு பணிக்கும் எண்ணிட்ட ஒரு வாயில் உண்டு. அதனைப் ‘போர்ட்’ என்பர். கடிதம் படிப்பதற்கான ஐமாப் பணிக்கு 143, 993 என இரண்டு வாயில்கள். பயனாளர் கடிதத்தை அனுப்ப ஒப்படைப்பதற்கு 587, 465 என இரண்டு வாயில்கள். சர்வர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வாயில் 25.

993, 465 ஆகிய வாயில்களில் நுழையும்போதே குறியாக்கம் தொடங்கிவிடும். முதற்சொல்லே மூடிய உறைக்குள் செல்லும். 143, 587 ஆகிய வாயில்களில் பேச்சு திறந்த நிலையில் தொடங்குகிறது. பிறகு ‘ஸ்டார்ட் டி.எல்.எஸ்.’ என்னும் கட்டளையால் குறியாக்கத்திற்கு மாறுகிறது. இடையில் நிற்கும் ஒரு கள்வன் இந்த இரண்டாம் முறையில் ஒரு சூழ்ச்சி செய்ய இயலும். “குறியாக்க வசதி உண்டு” என்று சர்வர் சொல்லும் வரியை அவன் நீக்கிவிட்டால், ‘வசதி இருந்தால் மட்டும் குறியாக்கம் செய்க’ என்று அமைக்கப்பட்ட மென்பொருள் திறந்தபடியே கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். ஆகவே ‘குறியாக்கம் இன்றேல் இணைப்பும் இல்லை’ என்று கண்டிப்பாக அமைத்தல் வேண்டும்.

இணைய விதிகளை வகுக்கும் அமைப்பு 2018 ஜனவரியில் வெளியிட்ட பரிந்துரையில், தொடக்கத்திலேயே குறியாக்கம் செய்யும் 993, 465 வாயில்களையே இயன்றவரை உபயோகிக்குமாறு கூறியுள்ளது. இடைக்காலத்தில் கைவிடப்பட்டிருந்த 465 அப்போதுதான் மீண்டும் முறையான இடம் பெற்றது.

ரவுண்ட்கியூப்பை அமைப்பவர்கள் அடிக்கடி இடறி விழும் இடம் ஒன்று இங்கு உண்டு. அதில் சர்வரின் பெயருக்கு முன்னால் ‘எஸ்.எஸ்.எல்.’ என்று எழுதினால், தொடக்கத்திலேயே குறியாக்கம் என்று பொருள், ‘டி.எல்.எஸ்.’ என்று எழுதினால், ஸ்டார்ட் டி.எல்.எஸ். முறை என்று பொருள். முன்னதை 993, 465 ஆகியவற்றோடும், பின்னதை 143, 587 ஆகியவற்றோடும் இணைத்தல் வேண்டும். ‘டி.எல்.எஸ். புதியது, எஸ்.எஸ்.எல். பழையது’ என்று கேள்விப்பட்ட ஒருவர், புதியதே நல்லதென்று எண்ணி அதனை 993க்கு முன்னால் எழுதினால், இரு யந்திரங்களும் ஒன்றையொன்று எதிர்பார்த்து மௌனமாக நிற்கும். சிறிது நேரத்தில் ‘இணைப்புத் தோல்வி’ என்று வரும். சர்வர் பழுது என்று அதனை எண்ணிவிடலாகாது.

முத்திரை சொல்லும் இரு செய்திகள்

குறியாக்கம் செய்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. முன்னாளில் விலையுயர்ந்த பொருளைக் காப்பீட்டுத் தபாலில் அனுப்பியபோது அரக்கு முத்திரை இட்டோம். உறை திறக்கப்படவில்லை என்பது அம்முத்திரை சொன்ன முதற்செய்தி. அதை இட்டவர் யார் என்பது இரண்டாவது செய்தி. யாருடைய முத்திரையென்று பாராமல், அரக்கு இருக்கிறது என்பதனால் மட்டும் நம்பிவிட்டால், கள்வனும் அரக்கு வாங்கி முத்திரையிட்டு விடுவான்.

டி.எல்.எஸ். முறையிலும் அவ்வாறே. இணைப்புத் தொடங்கும்போது சர்வர் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் எந்தப் பெயர்களுக்கு அது செல்லும், எந்த நாள் வரையில் செல்லும், அதற்குக் கையொப்பமிட்ட சான்றளிப்போர் யார் என்பன அடங்கியிருக்கும். வெப்மெயில் இம்மூன்றையும் சோதிக்க வேண்டும். சோதிக்காவிட்டால் குறியாக்கம் என்னவோ நடக்கும். ஆனால் யாருடன் என்பது தெரியாது. கள்வனோடு இரகசியமாகப் பேசுவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

இந்த நுட்பம் நமது முன்னோருக்குத் தெரியாததன்று. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய அகங்கையில் ஏற்பான். பிறகு பெயரை உரக்க வாசிப்பான். அங்குள்ள நம்பிமாரும் அதனை வாசிப்பார்கள். குடத்திலிருந்து வந்த ஓலை என்பது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. ஓலையிலுள்ள பெயரைப் பலர் படித்து உறுதி செய்ய வேண்டியிருந்தது.

பல டொமைன்களால் வரும் சிக்கல்

இப்போது தாமல் அம்மையாரின் எச்சரிக்கைக்கு வருவோம். மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் பெயரை ‘டொமைன்’ என்கிறோம். ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஒரு டொமைன், ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஒரு டொமைன், ஒரு மகளிர் கூட்டமைப்பிற்கு ஒரு டொமைன் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிற்கும் தனித்தனிச் சர்வர் வாங்கப் பணம் ஏது? ஆதலால் மூன்றும் ஒரே நிறுவனத்தில், ஒரே சர்வரில் இடம் பெறுகின்றன. இது குற்றமன்று, சிக்கனமே.

சிக்கல் சான்றிதழில் எழுகிறது. சர்வரின் சான்றிதழில் அந்நிறுவனத்தின் சொந்தப் பெயர் மட்டும் இருக்கும். வெப்மெயிலோ, “நான் தேடி வந்தது பால் சங்கத்தின் அஞ்சல் சர்வரை, இங்கே வேறு பெயர் இருக்கிறதே” என்று நிற்கிறது. அதன் குரலே அந்த எச்சரிக்கை. யந்திரம் பழுதாகவில்லை, தன் கடமையைச் செய்கிறது.

பயனாளரின் பெயரைக் கேட்டுவிட்டு உரிய சான்றிதழைக் காட்டலாகாதா என்று வினவலாம். குறியாக்கம் தொடங்கிய பிறகே பயனாளரின் பெயர் சொல்லப்படும். சான்றிதழோ அதற்கு முன்பே காட்டப்பட வேண்டும். வந்தவர் யாரைத் தேடி வந்தார் என்று அறியாத நிலையில் சர்வர் ஏதேனும் ஒன்றைத்தான் காட்ட இயலும். இக்குறையைப் போக்க 2003இல் எஸ்.என்.ஐ. என்னும் இணைப்பு விதி வெளியிடப்பட்டது. இதன்படி, வருபவர் முதற்சொல்லிலேயே “இன்ன பெயருடைய சர்வரைத் தேடி வந்துள்ளேன்” என்று அறிவித்துவிடுவார். சர்வர் அப்பெயருக்குரிய சான்றிதழை எடுத்துக் காட்டும்.

இதற்கும் உத்திரமேரூரில் ஒப்புமை உண்டு. முப்பது குடும்புகளின் ஓலைகளும் ஒரே குடத்தில் இடப்பட்டன. ஆயினும் ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் தனித்தனிக் கட்டாகக் கட்டப்பட்டு, அக்கட்டின் மேல் இன்ன குடும்பு என்று குறிக்கும் வாயோலை சேர்க்கப்பட்டது. குடம் ஒன்று, கட்டுகள் முப்பது, வாயோலையால் குழப்பமில்லை.

மூன்று நேரிய வழிகள்

முதல் வழி, அஞ்சல் சர்வருக்கு ஒரே பெயர் வைத்து, எல்லா டொமைன்களும் அப்பெயரையே சுட்டுமாறு செய்வது. ஒவ்வொரு டொமைனின் டி.என்.எஸ். பதிவேட்டிலும், கடிதம் வந்து சேர வேண்டிய இடத்தைக் குறிக்கும் எம்.எக்ஸ். பதிவு அந்த ஒரே பெயரைக் காட்டும். வெப்மெயிலும் அப்பெயரைக் கொண்டே சர்வருடன் இணையும். ஒரு சான்றிதழ் போதும். பயனாளர் தம் முழு மின்னஞ்சல் முகவரியையே பயனாளர் பெயராக இடுவார். ஆகவே இரண்டு சங்கங்களில் ‘செயலாளர்’ என்று இருவர் இருந்தாலும் மயக்கம் நேராது.

“எங்கள் சங்கத்தின் பெயர் தெரியாமல் போய்விடுமே” என்று சிலர் தயங்குவர். தயங்க வேண்டியதில்லை. பயனாளர் பிரௌசரில் காணும் பெயர் வேறு. யந்திரங்கள் தமக்குள் இணைவதற்கு உபயோகிக்கும் பெயர் வேறு. முதற்கட்டத்திற்கு ஒவ்வொரு சங்கமும் தன் டொமைனில் தனி வெப்மெயில் முகவரியும் அதற்கொரு சான்றிதழும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாங்கட்டத்திற்கு எல்லோரும் ஒரே பெயரை உபயோகிக்கலாம். பெரும்பாலான சிற்றமைப்புகளுக்கு இவ்வழியே போதுமானது. பழுது குறைந்ததும் இதுவே.

இரண்டாம் வழி, ஒரே சான்றிதழில் எல்லாப் பெயர்களையும் எழுதுவிப்பது. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அமைப்பு 2015 டிசம்பர் முதல் பொதுமக்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கிவருகிறது. அதன் ஒரு சான்றிதழில் நூறு பெயர்கள் வரையில் எழுதலாம். ஆனால் புதிய சங்கம் ஒன்று சேரும்போதெல்லாம் சான்றிதழைப் புதிதாகப் பெற வேண்டும். ஒரு டொமைன் காலாவதியாகிவிட்டால் எல்லோருடைய புதுப்பித்தலும் தடைப்படக்கூடும். யார் யார் அதே சர்வரில் இருக்கின்றனர் என்பதும் வெளிப்படையாகும்.

மூன்றாம் வழி, மேற்கூறிய எஸ்.என்.ஐ. முறை. ஒவ்வொரு டொமைனுக்கும் தனிச் சான்றிதழ். கேட்கும் பெயருக்கேற்பச் சர்வர் அதனைக் காட்டும். ஐமாப் பணிக்குப் பரவலாக உபயோகமாகும் ‘டவ்காட்’ மென்பொருளில் இவ்வசதி உண்டு. கடிதம் அனுப்பும் ‘போஸ்ட்ஃபிக்ஸ்’ மென்பொருளில், 2019இல் வந்த 3.4ஆம் பதிப்பிலிருந்து இது கிடைக்கிறது. டொமைன்கள் மிகப் பலவாக உள்ள இடங்களுக்கு இது தகும். ஆனால் ஐமாப், எஸ்.எம்.டி.பி. ஆகிய இரு பணிகளிலும் இதனை அமைக்க வேண்டும். ஒன்றில் அமைத்து மற்றதை மறந்தால், கடிதம் படிக்க முடியும், அனுப்ப முடியாது. இது அடிக்கடி நிகழும் தவறு.

வெப்மெயிலும் அஞ்சல் சர்வரும் ஒரே யந்திரத்தில் இருந்தால், இரண்டாங்கட்டம் அந்த யந்திரத்தை விட்டு வெளியே செல்வதில்லை. அப்போது உள்முகவரியின் வழியே குறியாக்கமின்றி இணைப்பதில் பெருந்தீங்கு இல்லை. உள்முகவரியைக் கொடுத்துக் குறியாக்கமும் கேட்டால், உள்முகவரியின் பெயர் சான்றிதழில் இராதாகையால் இணைப்பு மறுக்கப்படும். குறியாக்கம் வேண்டுமெனில் சர்வரின் உண்மைப் பெயரையே கொடுத்தல் வேண்டும்.

செய்யத் தகாத வழி

நான்காவதாக ஒரு வழி உண்டு. அதுவே எளிதானது, அதுவே தீயது. வெப்மெயில் அமைப்பில் ‘சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும்.

இந்த வரி பெருகியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. வெப்மெயில் மென்பொருள்கள் பல, பி.எச்.பி. என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டவை. 2014 ஆகஸ்டில் வெளியான அதன் 5.6ஆம் பதிப்புக்கு முன்பு, சான்றிதழைச் சரிபார்க்கச் சொன்னாலன்றி அது சரிபார்ப்பதில்லை. அப்பதிப்பு முதல் சரிபார்ப்பதே வழக்கமாயிற்று. அதுவரையில் மறைந்திருந்த பெயர்க் குளறுபடிகள் அனைத்தும் ஒரே நாளில் வெளிப்பட்டன. குளறுபடியைத் திருத்துவதற்குப் பதிலாகப் பலர் சரிபார்ப்பை நிறுத்தினர். நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்துவைத்தது போலாயிற்று.

நான் முன்பு பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், உற்பத்தியாளர் குழு ஒன்று இதே எச்சரிக்கையால் அவதியுற்றது. அமைத்துக் கொடுத்தவர் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போனார். எல்லோரும் மகிழ்ந்தோம், நானும் விசாரிக்கவில்லை. சில மாதங்களுக்குப் பின், குழுவின் முகவரியிலிருந்து, குழுவின் கடிதத் தலைப்போடு, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது; இனி இப்புதிய கணக்கில் பணம் செலுத்துக” என்று கொள்முதல் செய்யும் வணிகர் ஒருவருக்குக் கடிதம் சென்றது. அவர் பழைய மனிதர். பணம் அனுப்புவதற்கு முன்பு தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அதனால் ஓர் ஆண்டு உழைப்பின் பலன் தப்பியது. கடவுச்சொல் எவ்வழியாகக் களவு போயிற்று என்று எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. பல மாதங்களாகச் சரிபார்ப்பு நிறுத்தப்பட்டிருந்தது என்பது மட்டும் விசாரணையில் தெரிந்தது. அந்த ஒரு வரியைப் பற்றி அன்று நான் கேட்டிருக்க வேண்டும் என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

சர்வர் தனக்குத்தானே கையொப்பமிட்ட சான்றிதழை வைத்திருந்தாலும் சரிபார்ப்பை நிறுத்த வேண்டிய அவசியமில்லை. அச்சான்றிதழின் நகலை வெப்மெயில் யந்திரத்தில் வைத்து, ‘இதனை மட்டும் நம்புக’ என்று அமைக்கலாம். சரிபார்ப்பும் நிற்காது, செலவும் இராது.

சான்றளிப்போரும் தவறலாம். 2014 ஜூலையில், கூகுள் நிறுவனத்தின் டொமைன்களுக்கு உரிய அனுமதியின்றிச் சான்றிதழ்கள் இந்தியாவில் வழங்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு, அவை உடனே செல்லாதவையாக்கப்பட்டன. ஒருவர் தவறியதைப் பிறர் கண்டு திருத்த முடிந்ததற்குக் காரணம், சரிபார்க்கும் வழக்கம் இருந்ததே.

அரசு காட்டும் முன்மாதிரி

பல டொமைன்களுக்கு ஒரே ஏற்பாடு என்பதற்கு நமது நாட்டு அரசின் மின்னஞ்சலே பெரிய உதாரணம். 1976இல் நிறுவப்பட்ட தேசியத் தகவல் மையம் நெடுங்காலமாக இப்பணியை நடத்திவந்துள்ளது. அலுவல் கடிதங்களுக்கு அரசின் சேவையையே உபயோகிக்க வேண்டும் என்னும் மின்னஞ்சல் கொள்கை 2015 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பின்னர், மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 இலட்சம் மின்னஞ்சல் கணக்குகள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் அமைத்த ஏற்பாட்டிற்கு மாற்றப்பட்டன என்று 2025இல் செய்தி வெளியாயிற்று. அந்நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் கிராமத்திலும் அலுவலகம் நடத்துவது என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம்.

கவனிக்க வேண்டியது இதுவே: ஊழியர்களின் முகவரியில் உள்ள டொமைன்கள் முன்போலவே நீடித்தன, பின்னால் நிற்கும் சர்வர் மாறியது. முகவரி ஒன்று, சர்வரின் பெயர் மற்றொன்று என்று பிரித்து வைத்தால்தான் இத்தகைய பெரிய மாற்றம் இயலும். மேலே கூறிய முதல் வழியின் பயன் இதுவாகும்.

நாம் செய்ய வேண்டுவன

சங்கத்திலோ அலுவலகத்திலோ சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்திருப்போர், அமைத்துக் கொடுத்தவரை அழைத்துப் பின்வரும் கேள்விகளைக் கேட்டு, விடைகளைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

1. வெப்மெயில் எந்தப் பெயரைக் கொண்டு அஞ்சல் சர்வருடன் இணைகிறது? அதே பெயர் சான்றிதழில் உள்ளதா?

2. எந்த வாயில்கள் உபயோகத்தில் உள்ளன? 993, 465 எனில் நன்று. 143, 587 எனில், குறியாக்கம் கட்டாயமாக்கப்பட்டுள்ளதா?

3. சான்றிதழும் பெயரும் சரிபார்க்கப்படுகின்றனவா? இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. அமைப்பில் சர்வரின் பெயருக்குப் பதிலாக அதன் எண் முகவரியைத் தற்காலிகமாக இடச் சொல்லுங்கள். சரிபார்ப்பு நடக்குமானால், அந்த எண் சான்றிதழில் இராதாகையால், இணைப்பு மறுக்கப்படும். மறுக்கப்படாமல் கடிதங்கள் வந்தால் சரிபார்ப்பு நடக்கவில்லை என்று அறிக. சோதனை முடிந்ததும் உண்மைப் பெயரை மீண்டும் இட வேண்டும்.

4. டி.எல்.எஸ். 1.0, 1.1 பதிப்புகள் மூடப்பட்டுள்ளனவா?

5. சான்றிதழைப் புதுப்பிப்பது யார், எப்போது? லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாட்கள் என்னும் கணக்கில் பழகியவர்கள், இக்காலம் இன்னும் குறுகிவருவதை உணர வேண்டும். பொதுச் சான்றிதழ்களின் காலத்தை 2029 மார்ச்சுக்குள் படிப்படியாக 47 நாட்களாகக் குறைப்பதென்று 2025இல் முடிவாகியுள்ளது. முடிவு நாளை நினைவூட்டி லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த கடிதங்களும் 2025 ஜூன் முதல் நின்றுவிட்டன. ஆகவே யந்திரமே தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்து, மாதம் ஒருமுறை ஒருவர் பார்வையிட வேண்டும். புதுப்பித்த சான்றிதழை ஐமாப், எஸ்.எம்.டி.பி. ஆகிய இரு பணிகளும் மீண்டும் படித்துக்கொண்டனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இவற்றோடு, நமது டொமைனின் பெயரில் வேறு சர்வர்கள் கடிதம் அனுப்புவதைத் தடுக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய பதிவுகளும் ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனியே இருத்தல் வேண்டும். அவை வேறொரு கட்டுரைக்குரியவை. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும்: கடவுச்சொல்லே களவு போய்விட்டால் அப்பதிவுகளும் காப்பாற்ற மாட்டா, ஏனெனில் கள்வன் நம் சர்வரிலிருந்தே எழுதுவான்.

வங்கிக் கணக்கு மாற்றம் பற்றி எந்தக் கடிதம் வந்தாலும், முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்த பின்னரே பணம் அனுப்புவது என்பதைச் சங்கத் தீர்மானமாகவே நிறைவேற்றி வைப்பது நலம்.

முடிவுரை

தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. கம்பி வந்தால் கடிதம் வேகமாக வரும். கள்வனும் அதே வேகத்தில் வருவான். யந்திரம் எச்சரிக்கும்போது அதனை இடையூறாகக் கருதாமல், ஊர்க்காவலனின் குரலாகக் கருதிக் காரணத்தை விசாரிப்பதே நமக்கு அழகு.

தாமல் அம்மையாரின் அமைப்பில் சரிபார்ப்பை நாங்கள் நிறுத்தவில்லை. வெப்மெயிலில் எழுதியிருந்த சர்வரின் பெயரை, சான்றிதழில் உள்ள பெயருக்கு மாற்றினோம். ஒரே வரி, அரை மணி நேர வேலை, செலவு ஏதுமில்லை. எச்சரிக்கை மறைந்தது. எண் முகவரியை இட்டுச் சோதித்தபோது இணைப்பு மறுக்கப்பட்டது. அதைக் கண்டு அவர் சிரித்துக்கொண்டே, “இப்போதுதான் சரியான ஆளைக் காவலுக்கு வைத்திருக்கிறோம்” என்றார். மற்ற ஊராட்சி மன்றத் தலைவர்களும் சங்கச் செயலாளர்களும் இம்மாதத்திற்குள் இந்த ஒரு சோதனையையேனும் செய்து பார்ப்பார்களாக.